20 கொண்டை ஊசிக்கு மேலே ஒரு தொட்டி

சேலத்தில் எங்கள் வீட்டில் 2 வருஷம் முட்டையே போடாத ஆக்சலாட்டில் என்ற தண்ணீர்ப் பிராணியின் ஜோடி, ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போன முதல் மார்கழியிலேயே ஹைட்ரில்லா நீர்க்கொடி முழுக்க முட்டையாக ஒட்டி வைத்துவிட்டது. தொட்டி அதேதான். வாழைமரத்தடியில் தோண்டி எடுக்கிற மண்புழுதான் அங்கேயும் தீனி. மாறியது தண்ணீரின் சூடு. கீழே இருந்தவரை வெயில் காலத்தில் 29 டிகிரிக்குக் குறைந்ததே இல்லை. அங்கே அன்று காலை 16.

பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் ஆக்சலாட்டில் தவளைக்குத்தான் சொந்தம். சாலமாண்டர் என்கிற வாலுள்ள கூட்டம். பூர்வீகம் மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ ஏரி. அங்கே இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. நம் நாட்டில் இந்தக் கூட்டத்துக்கு இமயமலையின் கிழக்குப் பக்கமும் வடகிழக்கும்தான் இடம். சேர்வராயன் மலையில் எந்த ஓடையில் தேடினாலும் கிடைக்காது.

சூடு இதை ஏன் இவ்வளவு படுத்துகிறது? இதன் உடம்புக்கென்று தனிச் சூடு கிடையாது. தண்ணீரில் 10 டிகிரி ஏறினால் உடம்புக்குள் நடக்கிற வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஆக்சிஜன் தேவையும் கூடவே ஏறும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும்: கடல் மட்டக் கணக்கில் 16 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9.9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. தேவை ஏற, வரவு இறங்குகிறது. சித்திரையில் எங்கள் ஆண் ஆக்சலாட்டில் வால் நுனியைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது. செவுளின் சிவப்புக் குஞ்சங்கள் சுருங்கிப்போயின. பசி இல்லை என்று நினைத்தேன். அது மூச்சுத் திணறல். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

ஃபேன் வைத்தால் போதாதா? மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில் 5 டிகிரிக்கு மேல் இறங்கும். ஆனால் வெளிச்சூடு வந்துகொண்டே இருக்கும், காற்றின் ஈரமும் ஒரு எல்லை போடும். சேலத்து வெயிலில் ஃபேனை மட்டும் நம்பி, இதற்கு ஒத்துக்கொள்ளும் 18 டிகிரிக்கு இறக்க முடியாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மிஷின் வேண்டும். அது முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்கிற நல்லது. வாங்கினால் சட்டப்படி பதிவும் செய்ய வேண்டும். காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருக்கிற உயிர் இது.

சரி, முட்டைக்கு வருவோம். தண்ணீர் குளிர்வதுதான் இணை சேர்வதற்கான முதல் அழைப்பு. ஆண் வாலை ஆட்டிக்கொண்டு முன்னே நடக்கும், பெண் அதன் வாலடியை மூக்கால் உரசியபடி பின்னாலேயே போகும். திடீரென்று ஆண் நின்று, ஜவ்வரிசி மாதிரி கண்ணாடி நிறக் கூம்பு ஒன்றைத் தரையில் ஒட்டும். உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதுதான் விந்து. பெண் அதன் மேல் நகர்ந்து அந்தப் பொட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் சேர்க்கை இல்லை, ஆனாலும் கருவுறுவது வயிற்றுக்குள்தான்! வழவழப்பான கண்ணாடியில் கூம்பு சரியாக ஒட்டாது. அதனால் சித்தப்பா சொரசொரப்பான தட்டைக்கல் ஒன்றைப் போட்டிருந்தார், விழுங்க முடியாத அளவுக்குப் பெரியதாக.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் முட்டை வந்துவிடும். நூற்றுக்கணக்கில் போகும். கொடியோடு வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் பெற்றதுகளே தின்றுவிடும். இரண்டாம் வாரம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஜெல்லிக்குள் வளைந்து கிடந்த குஞ்சு, விருட்டென்று ஒருமுறை புரண்டது.

தவளைக் குஞ்சுக்குப் பின்கால் முதலில் வரும், இதற்கு முன்கால். அப்புறம் மற்ற சாலமாண்டர்களில் பல வளர்ந்ததும் செவுளை உதிர்த்துக் கரையேறும். இதற்கு அப்படி உருமாறத் தேவையான தைராய்டு சுரப்பின் தூண்டல் போதாததால் குஞ்சு உருவத்திலேயே பருவம் அடைந்துவிடுகிறது. 1864இல் பாரிசுக்குப் போன ஆக்சலாட்டில்களின் குஞ்சுகளில் சில அடுத்த வருஷமே செவுள் இழந்து உருமாறியதைப் பார்த்து அறிஞர்கள் திகைத்துப்போனார்கள்.

பொரிந்த குஞ்சு அசைகிற இரையைத்தான் பிடிக்கும், அதனால் பொடி இறால் மாதிரியான ஆர்டீமியாவும் டாஃப்னியாவும் உயிரோடு வேண்டும். பக்கத்தில் அசைகிற தம்பியின் காலும் அதற்கு இரைதான். சித்தப்பா ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளருக்கு மாற்றுவதற்குள் ஒன்றுக்கு வலது முன்கால் போய்விட்டது. கால் போன மூன்றாம் வாரம் நான் மலையேறிப் போனபோது, அந்த இடத்தில் கடுகளவு மொட்டும் அதில் இரண்டு விரல் பிரிவதும் தெரிந்தது.