வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மாத்திரை

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவரைப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று அதில் அச்சாகியிருக்கும். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று குறிக்கவும் இடம் இருக்கும். கிழமை எழுத மட்டும் இடம் இருக்காது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் மாத்திரைகள் தினமும் போடுபவை என்பதால், கிழமைக்கு இடம் விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கவருக்குள் மெத்தோட்ரெக்சேட் போகும்போதுதான் எனக்குப் பதற்றம் வருகிறது. மருத்துவமனை மருந்தாளுநராக வேலை பார்ப்பவள் நான். என் மேசைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில் இந்த ஒரு பெயரைக் கண்டால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன்.

முடக்குவாதம் என்று சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கும், சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று இது. விலையும் குறைவு. மூட்டு நோய்க்குப் பெரும்பாலும் 7.5 மில்லிகிராமில் இருந்து 25 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அந்த அளவு வாரத்துக்கு ஒரே ஒரு நாளுக்கானது. அதே அளவைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

காரணம் எளிது. உடம்பில் புதிய செல்கள் உருவாக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அந்த ஃபோலேட்டை உடம்பு பயன்படுத்த முடியாமல் மெத்தோட்ரெக்சேட் தடுக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தடுத்தால், மிச்ச ஆறு நாளில் எலும்பு மஜ்ஜையும் வாய், குடலின் உள்தோலும் தேறிக்கொள்ளும். தினமும் தடுத்தால் தேற நேரமே கிடைக்காது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், தட்டணுக்கள் குறையும், வாயெல்லாம் புண்ணாகும். பிறகு ஒரு சாதாரணக் கிருமி போதும். ஒரே நாளில் தெரியாமல் கூடுதலாகப் போட்டுக்கொள்வதைவிட, சிறிய அளவு தொடர்ந்து சில நாள் உள்ளே போவதுதான் இந்த மருந்தில் அதிகக் கேடு. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்பதால், வயதானவர்களுக்கும் கிட்னி பலவீனமானவர்களுக்கும் ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த மருந்தின் பின்னால் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் அவர் வழிநடத்திய ஆய்வுக் குழுதான் ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினைக் கொடுத்துத்தான் 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததைக் காட்டினார். அதற்கு நெருங்கிய உறவுள்ள மருந்து மெத்தோட்ரெக்சேட். புற்றுநோயில் பெரிய அளவிலும், மூட்டு நோயில் மிகச் சிறிய அளவிலும் பயன்படுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டங்கள் சிலவற்றில் இதைத் தொடர்ச்சியாகச் சில நாள் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் சீட்டில் 'தினமும்' என்று தவறாக வந்துவிட்டால், பார்க்கும் எல்லோருக்கும் அது தவறு என்று உடனே உறைப்பதில்லை.

சரி, இந்தத் தவறை யார் செய்கிறார்கள்? "படிக்காதவங்க, சொன்னதைக் கேக்க மாட்டாங்க" என்று நோயாளி மேல் பழியைப் போடுவது எங்கள் துறையில் பழகிப்போன பேச்சு. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நான்கு ஆண்டுகளில் வந்த மெத்தோட்ரெக்சேட் தவறுகள் பற்றிய 106 புகார்களை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் 25 பேர் இறந்திருந்தார்கள். அதிகம் நடந்த தவறு, வாரம் ஒருமுறை என்பதில் வந்த குழப்பம். மருத்துவர் எழுதியதில் ஏற்பட்ட பிழை 37 சதவீதம். நோயாளியின் பிழை 20 சதவீதம்தான். கிட்டத்தட்ட அதே அளவு மருந்து கொடுக்கும் இடத்தில் நடந்திருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, வார்டில் மருத்துவப் பணியாளர்களே கொடுத்தபோது நடந்தது. ஆஸ்திரேலியாவில் 2016இல் வந்த இன்னொரு ஆய்வு, மரண விசாரணைப் பதிவுகளில் மெத்தோட்ரெக்சேட்டோடு தொடர்புள்ள 22 மரணங்களைக் கண்டெடுத்தது. அவற்றில் ஏழு பேர் அதைத் தவறாகத் தினமும் எடுத்தது பதிவாகியிருந்தது. எல்லா வசதியும் உள்ள நாடுகளின் கணக்கு இது.

நம் ஊரில் இது நடக்கும் வழிகளை நான் கண்ணால் பார்க்கிறேன். முடக்குவாதத்துக்குப் பெரிய ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறார்கள். மாதாமாதம் மருந்து வாங்குவது உள்ளூர்க் கடையில். காய்ச்சல் என்று வேறொரு மருத்துவமனையில் சேர்க்கும்போது, "வீட்டில் என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டு எல்லாவற்றையும் வரிசையாக வார்டு சார்ட்டில் எழுதுவார்கள். அங்கே எல்லா மருந்துக்கும் பக்கத்தில் ஓ.டி., அதாவது தினம் ஒருமுறை என்று கை தானாக எழுதிக்கொண்டே போகும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே ஏறும். வீட்டுக்குப் போனதும், பெரிய ஆஸ்பத்திரியில் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று குடும்பம் அதையே பின்பற்றும். யாரும் அலட்சியமாக இல்லை. ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போகும்போது கிழமை மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

இன்னொரு வழி ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல டாக்டர்கள் மெத்தோட்ரெக்சேட் போடும் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களில் அதைப் போடச் சொல்வார்கள். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள். இரண்டிலும் 'ஃபோ' என்று தொடங்கும் பிராண்டு பெயர்கள் இருக்கின்றன. கண் மங்கலான ஒருவர் அட்டையை மாற்றி எடுத்துவிட்டால், காக்க வேண்டிய மாத்திரை வாரம் ஒருமுறையும் கெடுக்கக்கூடிய மாத்திரை வாரம் ஆறு முறையும் உள்ளே போகும்.

வலியும் ஒரு காரணம். வயதான ஒரு அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை போட்டா ரெண்டு நாள் கை விரல் நல்லா மடங்குது கண்ணு. அப்புறம் திரும்ப வலிக்குது. அதான் நடுவுல ரெண்டு போட்டுக்குறேன்." இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இது வலி மாத்திரை இல்லை, மெதுவாக வேலை செய்து வாரக்கணக்கில் பலன் காட்டும் மருந்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வலி பொறுக்காதபோது என்ன செய்வது என்றும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். மெத்தோட்ரெக்சேட் அதிகமாகிவிட்டால் உடம்பு முதலில் காட்டும் அடையாளங்களில் ஒன்று வாய்ப்புண். நம் வீடுகளில் வாய்ப்புண் வந்தால் என்ன செய்வோம்? உடம்புச் சூடு என்போம். மணத்தக்காளிக் கீரை, இளநீர், மோர். அதுவும் கேட்காவிட்டால் கடையில் பி காம்ப்ளெக்ஸ். மற்றவர்களுக்கு இதில் தவறே இல்லை. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்கு இந்த மூன்று நான்கு நாள் தாமதம்தான் கொடுமை. கீரை சமைக்கும் அந்த நாள்களிலும் மாத்திரை தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே இந்த மருந்து எடுக்கும் யாருக்காவது புதிதாக வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கசிவு, தோலில் நீலத் திட்டு, வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். சூடு என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

மற்ற நாடுகள் இதற்கு அமைப்பையே மாற்றிப் பார்க்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் பல நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. இந்த மருந்தில் அனுபவம் உள்ள மருத்துவர்களே எழுத வேண்டும், பெட்டியின் மேல் எச்சரிக்கை பளிச்சென்று தெரிய வேண்டும், வாரம் ஒருமுறை எடுப்பவருக்குக் கையில் வைத்துக்கொள்ள ஒரு நோயாளி அட்டை கொடுக்க வேண்டும், டப்பாவில் கொட்டிக் கொடுக்காமல் மாத்திரைகளைத் தனித்தனியாக அடைத்த அட்டையாகவே கொடுக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கான ஒரு நிறுவனம், கணினியில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்று அடித்ததும் தானாகவே 'வாரம் ஒருமுறை' என்று வர வேண்டும், தினமும் என்று மாற்றினால் காரணம் கேட்டு நிறுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் வரும் தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்பை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க அறைகூவல் விடுத்தது. 2022இல் செப்டம்பர் 17ஆம் தேதி வரும் நோயாளி பாதுகாப்பு தினத்தின் கருப்பொருளும் மருந்துப் பாதுகாப்புதான். கணினியில் சீட்டு போடும் மருத்துவமனைகள் நம்மிடமும் நிறைய வந்துவிட்டன. அந்த மென்பொருளில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யச் சொல்லிக் கேட்பது, மருந்தாளுநர்களும் செவிலியர்களும் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை.

அதுவரை பேனா இருக்கிறது. கவரில் காலை, மதியம், இரவு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "வாரம் ஒருமுறை, புதன்கிழமை மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதுவேன். எதற்கான மருந்து என்பதையும் எழுதுவேன். மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிழமையைச் சுருக்கி எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் திங்கள்கிழமையைச் சுருக்கினால் காலை என்று படித்துவிட வாய்ப்பு உண்டு என்பதால் அந்தக் கிழமையையே தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. எத்தனை மில்லிகிராம் என்பதோடு, எத்தனை மாத்திரை என்பதையும் எழுதுங்கள். கடைக்குக் கடை 2.5, 5, 7.5, 10 என்று வேறு வேறு அளவில் அட்டை கிடைக்கிறது. போன மாதம் மூன்று மாத்திரை போட்டவர், இந்த மாதம் வேறு அளவு அட்டை வாங்கியும் மூன்றே போடுவார்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று 2003இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அதனால் நான் வேறு மாதிரிக் கேட்பேன்: "அம்மா, வீட்டுக்குப் போய் மருமகள் கேட்டா என்ன சொல்லுவீங்க? எனக்கு ஒருமுறை சொல்லுங்க." அவர் சொல்லும்போதுதான் நான் சரியாகச் சொன்னேனா என்பது எனக்கே தெரியும். கொஞ்ச நேரம்தான் ஆகும்.

வீட்டில் இருப்பவர்களும் சிலதைச் செய்யலாம். மெத்தோட்ரெக்சேட்டை மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். கிழமை போட்ட ஏழு அறை டப்பாவில் நிரப்புவதாக இருந்தால், நிரப்பியதும் இன்னொருவர் ஒருமுறை பார்க்கட்டும். போட்ட கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெற்றோர் ஊரில் தனியாக இருந்து, நீங்கள் சென்னையிலோ துபாயிலோ இருந்தால், அந்தக் கிழமையில் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான கிழமையில் போடலாம். இரட்டிப்பாகப் போடவே கூடாது.

வேறு எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கருவையும் மெத்தோட்ரெக்சேட் பாதிக்கும். குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசியாக வேண்டும். ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நிலையான பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் விரல்கள் கோணி, சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாமல் போகும். சரியான கிழமையில், சரியான அளவில், பரிசோதனையோடு எடுத்து, பல ஆண்டுகளாகத் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் எத்தனையோ பேரை நான் பார்க்கிறேன்.

தினமும் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும், வாய்ப்புண் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் நிறுத்தி, எல்லா அட்டைகளையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட்டைக் கூடுதலாக விழுங்கிச் சமாளிக்க முடியாது. இதற்கு மாற்று மருந்தாகக் கொடுப்பது லூகோவோரின், அது வேறு. அங்கே இருப்பவரிடம் முதல் வார்த்தையாக மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம், தொடர்ந்து எத்தனை நாள் போட்டார் என்பதையும் சொல்லுங்கள்.