ரசம் போன கெம்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பரதம் பயிலும் என் அக்கா மகளின் நெற்றிச்சுட்டியில் இரண்டு கெம்புக் கற்கள் கறுத்துவிட்டன. அக்கா அரை மணி நேரம் துணியால் தேய்த்துப் பார்த்தார். பயனில்லை. பழுது கல்லின் முதுகில் இருக்கும்போது முகத்தைத் தேய்த்து என்ன செய்வது?

நடன நகையில் கெம்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நிறக் கண்ணாடிதான். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். வைரத்துக்கு அது 2.42. அதனுள் புகுந்த ஒளி, பின்முகத்தில் சுமார் 24 பாகைக்கு மேல் சாய்ந்து பட்டாலே போதும், வெளியேற வழியின்றித் திரும்பி வந்துவிடும். சாதாரணக் கண்ணாடியின் எண் 1.5 அளவுதான், அங்கே ஏறத்தாழ 42 பாகை சாய்வு வேண்டும். ஆகவே வந்த ஒளியில் பெரும்பகுதி பின்வழியாக ஒழுகிப் போகிறது. பட்டையே தீட்டாத வழவழப்பான கெம்பென்றால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டையை அடைக்க ஆசாரிகள் கண்ட வழி, கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு ஒன்றை வைத்து, சுற்றிலும் உலோகத்தால் மூடிவிடுவது. உள்ளே போன ஒளி தகட்டில் பட்டுத் திரும்புகிறது. சிவப்புக் கண்ணாடியை இரண்டு முறை கடப்பதால் நிறமும் அடர்த்தியாகிறது. மேடை விளக்கில் கெம்பு தணல் போல் தெரிவதன் சூட்சுமம் இதுதான். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் எப்படியோ, கெம்புக்குத் தகடு அப்படி.

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜார்ஜ் ஃபிரடரிக் ஸ்டிராஸ் என்ற நகைக்கலைஞர் இன்னொரு பக்கத்திலிருந்தும் முயன்றார்: கண்ணாடியில் ஈயம் சேர்த்தார். ஈயம் கூடினால் ஒளிவிலகல் எண்ணும் கூடும், வானவில் நிறங்களும் நன்றாகப் பிரியும். போலிக் கற்களுக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் அவர் பெயர்தான். 1892இல் கண்ணாடிக்கல் தயாரிப்பாளர் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். 1956இல் அவருடைய நிறுவனம் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருடன் இணைந்து, கல்லின் மேல் மிக மெல்லிய உலோகப் படலம் பூசி வானவில் மினுக்கத்தைக் கொண்டுவந்தது. கோலாலம்பூரில் மழை விட்டதும் சாலையில் சிந்திய எண்ணெய் நிறம் காட்டுகிறதே, அதே இயற்பியல்தான்.

உலோகத்தின் கதை வேறு. பித்தளை அச்சை மெருகேற்றி, தங்க உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் தங்கம் படிகிறது. மலிவான கவரிங்கில் இந்தப் படிவு ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். தங்கம் கறுப்பதில்லை. ஆனால் அடியில் உள்ள செம்பு மெல்ல மெல்ல மேலேறி வருகிறது, முலாமின் நுண்துளைகள் வழியே வியர்வை உப்பு கீழிறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பச்சை பிடிக்கும். இதைத் தடுக்க இடையில் நிக்கல் அடுக்கு போடுகிறார்கள். அந்த நிக்கல்தான் சிலருக்குக் காதில் அரிப்பும் கொப்புளமும் தருகிறது. அக்கறையுள்ள பட்டறைகள் அதற்குப் பதில் பல்லேடியம் போடும், விலையும் ஏறும்.

உருக்கினால் ஒன்றும் தேறாத நகைக்கு அடகுக்கடையில் மதிப்பில்லைதான். ஆயினும் நல்ல வேலைப்பாட்டுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கொடுக்க நான் தயங்கமாட்டேன். வாங்கும்போது நகையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பின்புறம் மெருகாக இருக்கிறதா, கல்லை உலோகம் கவ்விப் பிடித்திருக்கிறதா, வெறும் பசையா என்பது அங்கே தெரிந்துவிடும். கல்லின் விளிம்பில் இடைவெளி இருந்தால் ஈரம் உள்ளே போகும், தகடு கறுக்கும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நெற்றிச்சுட்டியை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறார், தன் 916 தங்க வளையல்களோடு சேர்த்து.