டீனியா: பெயரில் புழு, தோலில் பூஞ்சை

தோல் மருத்துவர் சீட்டில் 'டீனியா' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த படர்தாமரைதான். சொல் லத்தீன். துணியையும் ஏட்டையும் அரிக்கும் புழுவை ரோமானியர் அப்படி அழைத்தார்கள். தலையில் அங்கங்கே முடி கொட்டி வட்டம் விழுவதை, பூச்சி அரித்த கம்பளியாகப் பார்த்திருக்கிறார்கள்.

பிரெஞ்சில் இது 'தெஞ்' ஆயிற்று. அந்துப்பூச்சி, தலைப் படர்தாமரை இரண்டுக்கும் இன்றும் அங்கே ஒரே பெயர். போதாக்குறைக்கு, பொல்லாத ஆளையும் அப்படித்தான் திட்டுவார்கள்.

புழு இல்லை, பூஞ்சை என்பது 1840களில் பாரிசில் மருத்துவர் டேவிட் க்ரூபியின் நுண்ணோக்கியில் தெளிவானது. முடியின் அடிப்பகுதியைச் சுற்றி மாவு பூசியதுபோல் நுண்வித்துகள். அந்த இடத்தில் முடி வலுவிழந்து, தோலுக்குச் சற்று மேலேயே முறிந்துவிடும். மைக்ரோஸ்போரம் ஒடுவானி என்ற இந்தப் பூஞ்சை பிள்ளைக்குப் பிள்ளை பரவக்கூடியது. அதனால் நோய் கண்ட பிள்ளைகளுக்கென்றே பாரிசின் சேன் லூயி மருத்துவமனையில் தனிப் பள்ளி நடந்தது. முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் அன்றைய வைத்தியம். 1904இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் சபுரோ எக்ஸ்ரே மூலம் முடியை உதிர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். கதிர்வீச்சின் நீண்டகாலப் பின்விளைவு அப்போது யாருக்குத் தெரியும்? அவர் பெயரிலான வளர்ப்பு ஊடகத்தில்தான் நம்மூர் ஆய்வகங்களும் பூஞ்சை வளர்க்கின்றன.

1950களின் கடைசியில் பூஞ்சைக்கு எதிரான கிரிசியோஃபல்வின் மாத்திரை வந்ததும் ஒடுவானி பிரான்சில் பின்வாங்கியது. அந்த இடத்தைப் பூனையிடமிருந்து தொற்றும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்தது. அப்புறம் மேற்கு ஆப்பிரிக்காவோடு போக்குவரத்து உள்ள குடும்பங்களில் அங்குள்ள பூஞ்சை இனங்கள் தெரிய ஆரம்பித்தன. பெரியவர்களின் கால், நகம் என்றால் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? உடம்பில் வந்தால் படர்தாமரை. வட்டமாக விரியும் அதன் போக்கையே சொல்லும் பெயர். தலையில் வந்தால் தலைப் படர்தாமரை. கால்விரல் இடுக்கில் வருவதற்குச் சேற்றுப்புண் என்ற சொல் இருக்கும்போது 'பாதப் படர்தாமரை' எதற்கு? 'டீனியா வெர்சிகலர்' மட்டும் தனி. அது தேமல், காரணம் மலசீசியா என்ற வேறு வகைப் பூஞ்சை. அதையும் படர்தாமரை என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.