உங்கள் பிளானிங் விண்ணப்பத்தில் சிவிக் சொசைட்டிக்கு என்ன வேலை?

லண்டன் புறநகரில் வீடு வாங்கி, பின்பக்கம் ஒரு எக்ஸ்டென்ஷன், மேலே ஒரு லாஃப்ட் என்று திட்டம் போடும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் புரிகிறது, வெளிச்சம் மறையும் என்கிறார். நம் தெருவிலேயே இல்லாத ஒரு சிவிக் சொசைட்டி, அதாவது ஊரின் தோற்றத்தைக் காக்க உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம், நம் வீட்டு ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று கவுன்சிலுக்கு ஏன் கடிதம் எழுதுகிறது?

வரைபடம் தயாரித்து கவுன்சிலில் விண்ணப்பம் போடுவது என் தொழில் என்பதால் இந்தக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். சில எரிச்சலூட்டும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய தெரு இன்னும் அந்த அழகோடு இருப்பதற்கு, பல இடங்களில் இவர்கள்தான் காரணம்.

மேற்கு லண்டனில் பெட்ஃபோர்ட் பார்க் என்று ஒரு புறநகர். டர்ன்ஹம் கிரீன் ஸ்டேஷன் 1869-இல் திறந்தது. ரயில் வந்த தைரியத்தில் 1875-இல் ஜொனாத்தன் கார் என்ற துணி வியாபாரி 24 ஏக்கர் நிலத்தில் வீடுகள் கட்டத் தொடங்கினார். பல வீடுகளுக்கு மாதிரி வரைந்து கொடுத்தவர் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா. சிவப்புச் செங்கல், வெள்ளை பெயின்ட் அடித்த மரவேலை, சுவரில் பதித்த ஓடுகள், கூடவே ஏற்கெனவே நின்ற பெரிய மரங்களை முடிந்தவரை விட்டுவைத்துப் போட்ட தெருக்கள். கவிஞர் யேட்ஸின் குடும்பம்கூட இங்கே குடியிருந்தது.

அப்புறம் காலம் மாறியது. பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்குப் போயின, சில இடிக்கவும் பட்டன. விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே பழைய குப்பை என்று பலர் நினைத்த காலம் அது. யூஸ்டன் ஸ்டேஷனின் பிரம்மாண்டமான கல் வளைவையே 1961–62-இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இந்தச் சூழலில்தான் 1963-இல் ஹாரி டெய்லரும், கட்டடக் கலைஞரான டாம் கிரீவ்ஸும் பெட்ஃபோர்ட் பார்க் சொசைட்டியைத் தொடங்கினார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் புரவலரானார். 1967-இல் அரசு அங்குள்ள 356 வீடுகளை லிஸ்டட் கட்டடங்களாக, அதாவது சட்டப் பாதுகாப்புள்ள தேசியப் பட்டியலில் சேர்ந்த கட்டடங்களாக, அறிவித்தது. ஒரு புறநகரின் சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு இது கிடைத்தது அன்று பெரிய விஷயம்.

அதே 1967-இல் சிவிக் அமெனிட்டீஸ் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டங்கன் சாண்டிஸ். இப்படிப்பட்ட சொசைட்டிகளுக்குத் துணை நின்ற சிவிக் டிரஸ்ட் என்ற அமைப்பை 1957-இல் தொடங்கியவரும் அவரே. அதுவரை தனித்தனிக் கட்டடத்துக்குத்தான் பாதுகாப்பு. ஒரு பகுதியை முழுவதுமாக, மரம், வேலி, வீடுகளுக்கு இடையிலான வெளி எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பாற்ற வழி செய்தது இந்தச் சட்டம். கன்சர்வேஷன் ஏரியா என்று நாம் இன்று சொல்வது இப்படித்தான் வந்தது. பெட்ஃபோர்ட் பார்க் பாதி ஈலிங் கவுன்சிலிலும் பாதி ஹௌன்ஸ்லோ கவுன்சிலிலும் கிடக்கிறது. இரண்டு அலுவலகங்களும் தங்கள் எல்லைக்குள் இருப்பதைத்தான் பார்க்கும். முழுப் பகுதியையும் ஒரே ஊராகப் பார்க்க அங்கே சொசைட்டி இருக்கிறது.

சரி, இவர்களுக்கு என்ன அதிகாரம்? சட்டப்படி எதுவும் இல்லை. சந்தா கட்டும் உறுப்பினர்கள், சம்பளம் வாங்காத ஒரு கமிட்டி, அவ்வளவுதான். விண்ணப்பம் வெளியானதும் வழக்கமாக 21 நாள் கருத்துக் கேட்பார்கள். அந்த அவகாசத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், சொசைட்டியும் எழுதும். கவுன்சில் அனுமதி மறுத்தால் நீங்கள் அப்பீல் போகலாம். அனுமதி கொடுத்துவிட்டால் சொசைட்டியால் அப்பீல் போக முடியாது. ஆறு வாரத்துக்குள் நீதிமன்றத்தில் சவால் விடுவது ஒன்றுதான் வழி, அதற்கு ஆகும் செலவைக் கேட்டாலே பெரும்பாலானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

அப்படியிருந்தும் அவர்கள் கடிதம் எடுபடுவதற்குக் காரணம் உண்டு. கன்சர்வேஷன் ஏரியாவில் எந்த முடிவெடுத்தாலும் அந்த இடத்தின் தன்மையைக் காப்பதில் அல்லது மேம்படுத்துவதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலைக் கட்டிப்போடுகிறது. அந்தத் தன்மை எது என்று குறிப்பாகச் சொல்பவர் பேச்சுக்கு அதிகாரி காது கொடுப்பார். வீட்டு விலை குறையும், எனக்கு அழகான காட்சி மறையும் என்பதெல்லாம் கணக்கிலேயே சேராது. எத்தனை பேர் ஆட்சேபித்தார்கள் என்பதும் பெரிதல்ல, என்ன காரணம் சொன்னார்கள் என்பதே முக்கியம்.

ஒரு வேலையில் இதை நேரடியாகப் பார்த்தேன். ஒட்டிய ஜோடி வீடு ஒன்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு மாடி உயரத்துக்குக் கட்ட வேண்டும். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி, அதன் வழியே தெரியும் பின்தோட்டத்து மரங்கள், இவைதான் அந்தத் தெருவின் அடையாளம் என்று கவுன்சிலின் சொந்த ஆவணமே சொல்கிறது என்று சொசைட்டி பக்க எண்ணோடு எழுதியது. மேல்மாடியை முன்சுவரிலிருந்து உள்ளே தள்ளி, கூரையைத் தாழ்த்தி வரைந்தோம். அனுமதி கிடைத்தது. வீட்டுக்காரருக்கு ஒரு படுக்கையறை சின்னதானது. அவருக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

கவனியுங்கள், அந்தக் கவுன்சில் ஆவணம் தானாக வந்ததில்லை. கன்சர்வேஷன் ஏரியா பற்றிய மதிப்பீடு எழுதும்போது பல ஊர்களில் பழைய புகைப்படமும் தெருவாரியான குறிப்பும் கொடுப்பது சொசைட்டி. தேசியப் பட்டியலில் இடம்பெறாத 1930களின் சினிமா தியேட்டரையும் பப்பையும் உள்ளூர்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்வதும் அவர்களே. கவுன்சில் தன் பகுதியில் எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் லோக்கல் பிளான் தயாராகும்போது, எங்கே அடுக்குமாடி வரலாம், எவ்வளவு உயரம் என்று பேசும் கூட்டங்களில் போய் உட்காருவதும் அவர்களே. தனி விண்ணப்பத்துக்கு எழுதும் கடிதத்தைவிட இந்த வேலைக்குப் பலன் அதிகம் என்பது என் கணிப்பு. விண்ணப்பம் வரும்போது பாதி முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. எது வந்தாலும் ‘ஊரின் தன்மைக்குப் பொருந்தாது’ என்று ஒரே வரியை எழுதும் சங்கங்களை அதிகாரிகள் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலருக்குப் பாரம்பரியம் ஒரு சாக்கு, மனசில் இருப்பது அடுக்குமாடி வேண்டாம் என்பதுதான். கூட்டங்களில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களே இருப்பார்கள். நம் ஆட்கள் கணிசமாக வாழும் புறநகர்களிலும் கமிட்டியில் ஒரு தமிழ் முகத்தைப் பார்ப்பது அரிது. அவர்கள் நம்மைக் கூப்பிடவில்லை, நாமும் போகவில்லை.

வீடு வாங்கும் முன்பே கவுன்சில் இணையதளத்தில் அந்த முகவரி கன்சர்வேஷன் ஏரியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவு இருக்கிறதா என்பதையும். லிஸ்டட் அல்லாத ஒரு சாதாரண வீட்டில் ஜன்னல் மாற்ற வழக்கமாக அனுமதி தேவையில்லை. இந்த உத்தரவு அந்தச் சலுகையை எடுத்துவிடும், ஜன்னல் அதில் அடங்கினால் அனுமதி வாங்கியாக வேண்டும். மர ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மாட்டிய பிறகு கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று பில்டர் சொல்வார், நோட்டீஸ் அவர் பெயருக்கு வராது. கூரையில் டார்மர், அதாவது சரிவிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல் அமைப்பு, வைக்க கன்சர்வேஷன் ஏரியாவில் அனுமதி வேண்டும். தோட்டத்து மரத்தை வெட்டுவதற்குப் பெரும்பாலும் ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். கார் நிறுத்த முன்தோட்டத்தில் தண்ணீர் இறங்காத தளம் 5 சதுர மீட்டருக்கு மேல் போடுகிறீர்கள், அந்தத் தண்ணீர் வடிய வேறு ஏற்பாடும் இல்லை என்றால், இங்கிலாந்தில் எந்தப் பகுதியாக இருந்தாலும் 2008 முதல் அனுமதி வேண்டும்.

வரைபடம் தயாரானதும், விண்ணப்பிப்பதற்கு முன்பு, சொசைட்டிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல சங்கங்களில் பிளானிங் பார்க்கத் தனியாக ஒரு சின்னக் குழு இருக்கும். அவர்கள் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் சண்டை வரும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். வரைபடம் படிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் இந்தக் குழுக்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும். நம்மில் சிவில் இன்ஜினியர்களும் சர்வேயர்களும் இருக்கிறார்கள், ஆண்டுச் சந்தாவும் ஒன்றும் பெரிய தொகை இல்லை.