அடுத்தவர் சுடும்போது

டெக்சாஸில் செவித்திறன் பரிசோதிப்பது என் தொழில். துப்பாக்கி சுடுகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். வலது தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவர் என்றால் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெட்டிருக்கும். குறிபார்க்கும்போது வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடும், இடது காது குழல் முனையைப் பார்த்து நிற்கும். பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், அதாவது அந்த உயர்ந்த சுருதியில் கேட்கும் திறன் குறைந்திருக்கும். “சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல” என்பார்கள்.

காதைக் காத்துக்கொள்ளுங்கள் என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் நானே மல்டிகன் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றும் உண்டு. டைமர் பீப் அடித்ததும் ஓடி ஓடிச் சுட வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில் கறார். அதிகாரி ‘மேக் ரெடி’ சொல்லும்வரை தோட்டா போடக்கூடாது. குழல் முனை 180 டிகிரி கோட்டை, அதாவது சுடுபவரின் இரு பக்கமும் நேராக நீளும் கற்பனைக் கோட்டை, தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஷாட்கன்னில் தோட்டா நிரப்பத் தடுமாறிக் கடைசி வரிசையில் வந்தேன், அவ்வளவுதான்.

அடி வேறு இடத்தில் விழுந்தது. சுடும்போது எல்லோரும் காதை மூடிக்கொள்கிறோம். ஆனால் நாள் முழுக்க நாம் சுடுவது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் காத்திருப்பதும், இலக்குகளில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதும், அரட்டையும்தான். யாரோ ஏதோ கேட்டார்கள் என்று காதை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப்பை வலது பக்கம் சற்றே தூக்கினேன். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ரைஃபிளால் சுட்டார். அதன் முனையில் மஸில் பிரேக் இருந்தது. உதைப்பைக் குறைக்க அது வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும், கூடவே சத்தத்தையும். முன்னால் நிற்கும் இலக்கைவிடப் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்குத்தான் அதன் அறை விழும்.

140 டெசிபெல்லைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கலாம். பல ரைஃபிள்கள் 160ஐத் தாண்டும். உள்காதின் மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

அன்று இன்னொன்றும் கவனித்தேன். மூக்குக்கண்ணாடியின் காம்பும் ரைஃபிள் கட்டையில் பதியும் கன்னமும் மஃப்பை லேசாக நெம்பிவிடுகின்றன. அந்த இடுக்கு போதும். அதனால் உள்ளே நுரை இயர் பிளக், மேலே எலக்ட்ரானிக் மஃப் (பேச்சைக் கூட்டித் தந்து வெடிச்சத்தத்தை அடக்குவது), இரண்டும் வேண்டும் என்கிறேன். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, ஏறத்தாழ 5 டெசிபெல்தான் கூடும். ஆனால் ஒன்று நழுவினாலும் மற்றது காக்கும். பேச்சு கேட்க வேண்டுமா? மஃப்பின் ஒலியைக் கூட்டுங்கள், மஃப்பைத் தூக்காதீர்கள். பிளக்கை நன்றாக உருட்டி மெல்லியதாக்கி, எதிர்க்கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். கிளினிக்கில் செய்து காட்டச் சொன்னால் பத்து வருடம் சுட்டவர்கள்கூடப் பாதியைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

திங்கட்கிழமை என் காதை நானே பரிசோதித்தேன். வலது பக்கம், 4000இல் சரிவு. சில நாட்களில் மீண்டது, காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலும் அடங்கியது. எல்லோருக்கும் அப்படி அமையாது. காது அடைப்போ இரைச்சலோ மறுநாள் காலையிலும் இருந்தால் “தானாகச் சரியாகும்” என்று வாரக்கணக்கில் விட்டுவைக்காமல் உடனே காது மருத்துவரைப் பாருங்கள். மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றாலும் முதல் சில நாட்களில்தான்.