லேண்ட்ஸ்கேப் பேராசிரியராக வேண்டுமா? முதலில் ஏரிக்கரை ஏறுங்கள்

வேலூர்ப் பக்கம் கட்டிடக்கலை மாணவர்களுக்கு லேண்ட்ஸ்கேப், அதாவது நில வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவள் நான். “செடி வைக்கிறதுக்கு எதுக்கு மேடம் ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ்?” என்று பெற்றோர் கேட்பது பழகிவிட்டது. ஆனால் போன வாரம் ஆசிரியர் வேலைக்கு வந்த ஒருவர், முதுகலை முடித்தவர், ஓர் ஏரிக்கு வரைந்த திட்டத்தைக் காட்டினார். கரையில் டைல்ஸ் நடைபாதை, ஏரிக்குள் மண் கொட்டி ஒரு தீவு, அதில் செல்ஃபி மேடை, சுற்றிலும் கொரியன் புல். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “ரெயின்வாட்டர் மேடம்” என்றார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற வரத்துக்கால்வாய் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர் இவர். இந்த மாதிரி வருகிறவர்களில் இவர் முதலாமவரும் இல்லை.

லேண்ட்ஸ்கேப்பில் செடி கடைசியாக வருவது. முதலில் நிலத்தின் சரிவு, அப்புறம் மண், பாறை, தண்ணீரின் வழி. காவேரிப்பாக்கம் ஏரி தலைக்கு மேல் பெய்கிற மழையை மட்டும் நம்பி நிரம்புவதில்லை. வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டில் பிரியும் கால்வாய்தான் அதற்குத் தண்ணீர் கொண்டு வருகிறது. மகேந்திரவாடிக்கும் அங்கிருந்தே ஒரு கால்வாய் போகிறது. அந்த ஊர்க் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு, மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் கோயில் எடுத்ததாகச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏரி, கோயில், ஊர் மூன்றையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். நாம் 2 வருடம் படித்துவிட்டு மதகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பெஞ்ச் போடுகிறோம்.

ஒரு தீவுதானே, என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? கொட்டிய மண்ணின் அளவுக்கு ஏரியில் தண்ணீர் நிற்க இடம் குறையும். கரையை நேர்ச்சுவராகக் கட்டினால் கோரை முளைக்கிற ஆழமில்லாத ஓரம் போய்விடும், கொக்குக்கும் நாரைக்கும் கால் வைக்க இடமிருக்காது. மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலங்கலை அழகுக்காக அடைத்தால், ஏரி கோடி போக, அதாவது நிரம்பி வழிய, வழியில்லாமல் தண்ணீர் கரையை உடைக்கும், அல்லது பக்கத்துத் தெருவுக்குள் வரும். மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர், அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த ஊர் இது. இன்னமும் ‘ரெயின்வாட்டர்’ என்றால் என்ன சொல்வது? (டெண்டரிலும் எங்கள் வேலைக்கு ‘அழகுபடுத்துதல்’ என்றுதான் பெயர், மிச்சமிருக்கும் பணத்தில் செய்வது. பாதித் தப்பு அங்கேயே தொடங்குகிறது.)

சரி, இந்தத் துறையில் ஆசிரியராக வர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பாதை பெரும்பாலும் இதுதான்: 5 வருட பி.ஆர்க்., 2 வருட முதுகலை, அப்புறம் ஆராய்ச்சி. டெல்லி எஸ்.பி.ஏ.வில் (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) 1972-லேயே லேண்ட்ஸ்கேப் துறை வந்துவிட்டது. ஆனாலும் லேண்ட்ஸ்கேப்புக்கென்று சட்டப்படி அமைந்த தனிக் கவுன்சில் நம் நாட்டில் இன்றுவரை இல்லை. கட்டிடக்கலைக் கவுன்சிலில் பதிவு இருக்கட்டும், புதுப்பிக்க மறக்காதீர்கள். படித்து முடித்ததும் நேரே வகுப்பறைக்கு ஓடி வராமல், ஓரிரு வருடம் சைட்டில் நில்லுங்கள். நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து லெவல் எடுக்கத் தெரியாமல் காண்டூர் (சம உயரக் கோடு) பாடம் நடத்தினால் பையன்கள் இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆய்வுத் தலைப்பை வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து தூக்காதீர்கள். இங்கே என்ன குறைச்சல்? தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிய நிலங்கள் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கிடக்கின்றன. 1996-இல் உச்ச நீதிமன்றமே ‘மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும்’ என்று தீர்ப்பளித்த மண் இது. அங்கே எது முளைக்கும், எந்த வரிசையில் மீட்கலாம் என்பதற்கே ஒரு ஆயுள் வேலை இருக்கிறது. எடுத்த இடத்தை மே மாதமும் பாருங்கள், நவம்பரிலும் பாருங்கள். எஃப்.எம்.பி. (புல வரைபடம்) நகல் வாங்குங்கள். ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிடும் கம்புகட்டி இருந்தால் அவரோடு ஒரு நாள் கரையில் நடங்கள், உங்கள் ட்ரோன் படத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

‘ஆய்வுக் கட்டுரை 48 மணி நேரத்தில் பிரசுரம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்குப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நல்ல ஆய்வு இதழ்களுக்கான தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இனி இதழ் நல்லதா போலியா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் இந்தத் துறைக்காரர்களா, பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பாடம் நடத்த வேண்டாம், கல்லூரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் ஆசிரியராகப் பெயர் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், தயவு செய்து கொடுக்காதீர்கள். பாடம் நடத்த ஆளில்லாத வகுப்பில் உட்காரப் போவது யார் வீட்டுப் பிள்ளையோ.

ஆய்வு வழிகாட்டியை முடிவு செய்யும் முன் அவரிடம் படித்த இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். “சார் சைட்டுக்கு வருவாரா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.