குவாட் மெஷ் என்னும் நாற்கர வலை

பாலமோ கார் கதவோ சுமை தாங்குமா என்று கணினியில் சோதிக்க, முதலில் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பொறியாளர்கள் இதை ‘மெஷ் போடுவது’ என்பார்கள். துண்டுகள் நான்கு பக்கம் கொண்டவை என்றால் அது குவாட் மெஷ்.

மெஷ் என்ற ஆங்கிலச் சொல் முதலில் வலையின் ஓட்டையைக் குறித்தது. பிறகு முழு வலைக்கும் ஆகிவந்தது. தமிழில் இரண்டும் தனித்தனி: ஓட்டை வலைக்கண், மொத்தம் வலை. ஆகவே மெஷ்ஷுக்கு வலை என்பதே போதும். ஆனால் மீன்வலையில் கண் காலியாக இருக்கும்; இங்கே கண்ணுக்குள்தான் இரும்பும் கான்கிரீட்டும் இருக்கின்றன. அதனால் ஒரு துண்டைக் கண் என்பதைவிடக் கூறு என்பது பொருந்தும். இப்படித் துண்டாக்கிக் கணக்கிடும் முறைக்கு 1960இல் பொறியாளர் ரே கிளஃப் வழங்கிய ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரையும் முடிவுறு கூறு என்று சொல்லிவிடலாம். கூறுகளின் முனைகளில் உள்ள நோடுக்குக் கணு இருக்கவே இருக்கிறது, கரும்பில் பார்ப்பதுதான். குவாட், தமிழ்நாட்டுப் பாடநூலில் நாற்கரம், இலங்கையில் நாற்பக்கல்.

முக்கோண வலை பின்னுவது எளிது. கணிதவியலாளர் கூரன்ட் 1943லேயே முக்கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டார். அப்புறம் ஏன் நாற்கரம்? மூன்று கணு மட்டும் உள்ள முக்கோணத்துக்குள் திரிபு, அதாவது சுமையால் பொருள் நீளும் அல்லது உருமாறும் அளவு, எங்கும் ஒன்றுதான். அதனால் வளையும் தகடு உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும். நான்கு கணு நாற்கரத்திலும் இந்தக் குறை உண்டு, ஆனால் குறைவு. கோணங்கள் 90 பாகைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஏதாவது ஒன்று 180ஐத் தாண்டினால் கணக்கே கெட்டுவிடும்.

இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒவ்வொரு நாற்கரத்துக்கும் 4 பக்கம். உள்ளே இருக்கும் பக்கம் இரண்டு நாற்கரங்களுக்குப் பொது. விளிம்பில் இருப்பது ஒன்றுக்கு மட்டும். ஒவ்வொரு நாற்கரத்துக்கும் 4 என்று கூட்டினால் வரும் மொத்தம் இரட்டைப்படை, அதில் உள்பக்கங்கள் இரண்டிரண்டு முறை எண்ணப்படுகின்றன என்பதால் விளிம்புப் பக்கங்களும் இரட்டைப்படையாகத்தான் இருந்தாக வேண்டும். 17 பக்க விளிம்புக்குள் நாற்கரங்களை மட்டும் நிரப்ப யாராலும் முடியாது.

பின்னும் வழிகளில் எனக்குப் பிடித்த பெயர் ‘பேவிங்’. டெட் பிளாக்கரும் மைக்கேல் ஸ்டீபன்சனும் 1991இல் வெளியிட்ட முறை. விளிம்பிலிருந்து உள்நோக்கி நாற்கரங்களை வரிசை வரிசையாக அடுக்கிப்போகும். தளத்துக்குக் கல் பாவுவதை அறிந்த நமக்குப் ‘பாவுதல்’ என்ற சொல் தயாராகவே கிடைக்கிறது. இன்னொரு வழி, முக்கோண வலையைப் பின்னிவிட்டு இரண்டிரண்டாகச் சேர்ப்பது. ஜோடி கிடைக்காத முக்கோணங்கள் அங்கங்கே தங்கிவிட்டால், அதை ‘குவாட் டாமினன்ட்’ என்பார்கள். நாற்கரம் மிகுந்த வலை என்றால் சரியாக இருக்கும்.